மஸ்கதே ஒயினும் அதற்கேற்ற சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு பிரான்ஸில் இருக்கும் எங்கள் நாந்த் நகரத்துக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் முதல் சனிக்கிழமை காலையில் தலான்சாக் சந்தைக்குக் கூட்டிப்போய்விடுவேன். இரண்டு டஜன் சிப்பி, ஒரு ரொட்டி, உப்பு வெண்ணெய், குளிர்ந்த மஸ்கதே ஒரு பாட்டில். வீட்டுக்கு வந்து சிப்பியைத் திறக்கத் தொடங்கும்போதே கேள்விகளும் தொடங்கிவிடும். பல வருஷமாக வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஒயின் என்றாலே விலை உயர்ந்த சிவப்பு ஒயின்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த எளிய வெள்ளை ஒயினை அறிமுகப்படுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மஸ்கதே என்றால் என்ன?

லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால், நாந்த் நகரைச் சுற்றி விளையும் வெள்ளை ஒயின். துளியும் இனிப்பு கிடையாது. ஆல்கஹால் சுமார் 12 சதவீதம். நிறம் வெளிறிய வைக்கோல் போல. சில பாட்டில்களில் ஓரத்தில் பச்சை ஓடும். மூக்கருகே கொண்டுபோனால் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், மழை விழுந்த கல் மாதிரி ஒரு வாசம். அவ்வளவுதான். பெரிய வாசனை எதையும் எதிர்பார்க்காதீர்கள். நாக்கில் விழும்போதுதான் இதன் குணம் தெரியும்: கூரான புளிப்பு, கடைசியில் லேசான உப்புக் கரிப்பு.

பெரும்பகுதி நாந்துக்குத் தென்கிழக்கே, செவ்ர், மேன் என்ற இரண்டு சிற்றாறுகள் ஓடும் நிலத்தில் விளைகிறது. அதனால் பாட்டிலில் 'மஸ்கதே செவ்ர் எ மேன்' என்று இருக்கும். 1936இல் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. வேறு ஊரில் விளைந்ததற்கு இந்தப் பெயரை வைக்க முடியாது.

மஸ்கட் ஒயினும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. பெயர் ஒலி மட்டும்தான் ஒற்றுமை. மஸ்கட் என்பது பூவாசம் தூக்கலாக வீசும் வேறு திராட்சை. தெற்கு பிரான்ஸில் அதைக் கொண்டு தேன் போல இனிக்கும் ஒயின்கள் செய்கிறார்கள். மஸ்கதே செவ்ர் எ மேனில் இருப்பது 'மெலோன் த பூர்கோஞ்' என்ற ஒரே ரகத் திராட்சை. என் மைத்துனர் ஒருமுறை ஆசையாகச் சிப்பி வாங்கிவந்து, கூடவே தவறுதலாக மஸ்கட் பாட்டிலையும் எடுத்து வந்துவிட்டார். சர்க்கரைப் பாகில் கடல் மீனைத் தொட்டுச் சாப்பிட்டது போல இருந்தது. கடையில் எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு எடுங்கள்.

'பூர்கோஞ்' என்றால் பர்கண்டி ஆயிற்றே? அந்தத் திராட்சை எப்படி இங்கே வந்தது?

பர்கண்டியில் பிறந்த கொடிதான். பீனோ, குவே ப்ளான் என்ற இரண்டு ரகங்கள் கலந்து பிறந்தது என்று மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது. உலகமே கொண்டாடும் ஷார்தொனேவுக்கும் அதே தாய் தகப்பன்தான். ஆக, இரண்டும் கூடப் பிறந்தவை. ஒன்று பிறந்த ஊரிலேயே பேரும் புகழுமாக வாழ்கிறது. மெலோனை அங்கே மதிக்கவில்லை. நடக்கூடாது என்றுகூட ஆணைகள் வந்தன. அது மேற்கே வந்து கடலோரத்தில் பிழைத்துக்கொண்டது.

பிழைக்க வைத்தவர்கள் இரண்டு பேர் என்று சொல்லலாம். முதலாவது டச்சு வணிகர்கள். 17ஆம் நூற்றாண்டில் நாந்த் துறைமுகத்துக்கு வந்த அவர்கள், காய்ச்சி வடித்து பிராந்தி ஆக்குவதற்கு மலிவான வெள்ளை ஒயினைத் தேடினார்கள். இரண்டாவது 1709ஆம் ஆண்டின் குளிர். பிரான்ஸ் முழுக்க ஆறுகள் உறைந்த அந்தக் குளிர்காலத்தில் இந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. மறுபடி நடும்போது குளிரைத் தாங்கும் கொடியாகப் பார்த்து மெலோனை நட்டார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது.

பாட்டிலில் 'ஸூர் லி' என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

இந்த ஒயினைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். 'லி' என்றால் வண்டல். 'ஸூர் லி' என்றால் வண்டலின் மேல்.

திராட்சைச் சாறு நொதித்து முடிந்ததும், வேலை முடித்த ஈஸ்ட் செத்து அடியில் மண்டியாகப் படியும். பல இடங்களில் ஒயினைத் தெளியவைத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே மாற்றுவதில்லை. அந்த வண்டலின் மேலேயே ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடக்கவிட்டு, மார்ச் பிறந்த பிறகே, ஒயின் செய்த அதே இடத்தில் நேராக பாட்டிலில் அடைக்கிறார்கள்.

அப்படிக் கிடப்பதால் என்ன ஆகிறது? செத்த ஈஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து கரைகிறது. அதிலிருந்து வரும் புரதங்களும் சர்க்கரைப் பொருள்களும் தண்ணீராக இருந்திருக்கக்கூடிய ஒயினுக்கு ஒரு கொழுமை தருகின்றன. புது ரொட்டியின் வாசமும் சேர்கிறது. வண்டல் ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் புதிதாகவே இருக்கிறது. தொட்டி மாற்றாததால் நொதித்தலில் உண்டான கரியமில வாயுவும் கொஞ்சம் தங்கிவிடுகிறது. மூடியைத் திறந்த உடனே ஊற்றிக் குடித்தால் நாக்கு நுனியில் ஊசி குத்துவது போலச் சுருக்கென்று ஒரு உணர்வு வரும். அது கெட்டுப்போன அறிகுறி என்று பயந்து எனக்குத் தொலைபேசியில் கேட்டவர்கள் உண்டு. பயம் வேண்டாம், நல்ல அறிகுறிதான்.

முதன்முறை ஒரு ஒயின் கூடத்துக்குப் போனபோது மரப் பீப்பாய்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. காலியான சிமெண்டுத் தரை. அங்கங்கே வட்ட மூடிகள். ஒயின் எங்கே என்று கேட்டதற்கு, தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே குதிகாலால் தரையைத் தட்டினார். எங்கள் காலுக்கு அடியில், பூமிக்குள் கட்டிய, உள்பக்கம் கண்ணாடி ஓடு பதித்த தொட்டிகளில் இருந்தது அத்தனையும். மண்ணுக்குள் இருப்பதால் கோடையிலும் குளிர்ச்சி மாறாது. ஒரு மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். அசையாத இருண்ட நீர்ப்பரப்பு, மேலே வந்து முட்டிய ஈஸ்ட் வாசம். ஊரில் கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

கடையில் எதை எடுப்பது?

'மஸ்கதே செவ்ர் எ மேன்', 'ஸூர் லி' இரண்டும் லேபிளில் இருக்கட்டும். வெறும் 'மஸ்கதே' என்று மட்டும் போட்டது மலிவாக இருக்கும், பல சமயம் சப்பென்றும் இருக்கும். அறுவடை ஆண்டு கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பது நல்லது. பிரான்ஸில் 10 யூரோவுக்குள்ளேயே மனம் நிறையும் பாட்டில் கிடைக்கும். இந்த விலைக்கு இவ்வளவு நேர்மையான ஒயின் இந்த நாட்டில் வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

சிப்பிக்கும் இதற்கும் ஏன் அப்படிப் பொருத்தம் என்கிறார்கள்?

சிப்பியின் மேல் எதைப் பிழிகிறோம்? எலுமிச்சை. மஸ்கதேயின் புளிப்பு செய்வதும் அதே வேலைதான். சிப்பியில் இருக்கும் உப்பு ஒயினின் புளிப்பை மட்டுப்படுத்துகிறது. தனியாகக் குடித்தபோது பல் கூசிய ஒயின், ஒரு சிப்பிக்குப் பிறகு உருண்டையாக, கிட்டத்தட்ட இனிமையாகத் தெரியும். மர வாசம் இல்லை, கனமான ஆல்கஹாலும் இல்லை. அதனால் சிப்பியின் மென்மையான ருசியை மறைக்க எதுவுமே இல்லை. 'இந்த ஒயினில் ஒன்றுமே இல்லையே' என்று தனியாகக் குடித்துப் பார்த்தவர்கள் சொல்வார்கள். அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் கடல் வந்து உட்கார்கிறது. அதனால்தான் மஸ்கதேயைச் சாப்பாடு இல்லாமல் குடிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

சிப்பி வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். 0 முதல் 5 வரை உண்டு. எண் குறையக் குறைய சிப்பி பெரிது. முதல்முறை சாப்பிடுபவர்கள் 3ஆம் எண் எடுக்கலாம், ஒவ்வொன்றும் ஓட்டோடு 66 முதல் 85 கிராம் வரை இருக்கும். இடது கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, குழிந்த ஓடு கீழே இருக்கும்படி பிடித்து, பக்கவாட்டில் கத்தியை நுழைத்து மேல் ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்தால் 'டக்' என்று திறக்கும். முதலில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஐந்து நிமிஷத்தில் சிப்பி இன்னொரு முறை நீர் விடும். அது உப்புக் குறைந்து, ருசி கூடி இருக்கும்.

பெயரில் 'ர' வரும் மாதங்களில்தான் சிப்பி சாப்பிட வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். தமிழில் எழுதிப் பார்த்தாலும் அந்தக் கணக்கு தப்பாது: செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை எல்லாவற்றிலும் 'ர' இருக்கிறது, மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நான்கிலும் இல்லை. கோடை சிப்பியின் இனப்பெருக்கக் காலம். அப்போது உள்ளே பால் போல இருக்கும், எனக்குப் பிடிப்பதில்லை.

பச்சையாகச் சாப்பிட முடியாது என்றால்?

கறுப்பு ஓட்டு 'மூல்' சிப்பிக்குப் போங்கள். ஒரு கிலோ மூல் சிப்பியை நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் நாரைப் பிய்த்துவிடுங்கள். உடைந்ததையும், தட்டியும் மூடாததையும் எறிந்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் ஒரு கரண்டி வெண்ணெய், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி போட்டு வதக்கி, ஒரு கிளாஸ் மஸ்கதே ஊற்றிக் கொதி வந்ததும் சிப்பியைப் போட்டு மூடுங்கள். நாலைந்து நிமிஷம், இடையில் ஒருமுறை குலுக்கினால் போதும். ஓடுகள் வாய் திறந்ததும் பார்ஸ்லி இலையைத் தூவி இறக்குங்கள். வெந்தும் திறக்காததைச் சாப்பிடாதீர்கள். உப்பு போட வேண்டாம். சிப்பி கொண்டுவந்த கடல் நீரே போதும். அடியில் தங்கும் சாற்றில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டு, மீதி மஸ்கதேயைக் குடித்தால் குளிர்கால ராத்திரி தெரியாது.

சுட்ட மத்தி, வேகவைத்த இறால், நண்டு எல்லாமே இதற்கு ஏற்றவை. நாந்துக்கு மேற்கே கெராந்த் உப்பளங்களின் உப்பு பேர்போனது. அந்தக் கல்லுப்பைத் தூவித் தணலில் வாட்டிய மத்தியை, தோல் கருகி எண்ணெய் சொட்டும்போதே சாப்பிட்டு இந்த ஒயினைக் குடித்தால், மத்தியின் நெய்ப்பு ஒரே மடக்கில் கழுவிப் போய்விடும்.

'பேர் ப்ளான்' என்ற வெண்ணெய்ச் சாறு பற்றிச் சொல்லுங்கள்.

பேர் ப்ளான், அதாவது வெள்ளை வெண்ணெய், நாந்தின் சொந்தச் சொத்து. லுவார் கரையில் சாந்த் ஜூலியேன் த கோன்செல் என்ற ஊரின் ஷெபுவெத் பகுதியில் சமையல்காரியாக இருந்த க்ளெமான்ஸ் லெஃபேவ்ர் செய்தது என்று சொல்கிறார்கள். பேயார்னேஸ் என்ற சாறு செய்யப் போய், முட்டை மஞ்சள் கருவைச் சேர்க்க மறந்துவிட்டதாகவும், அந்த மறதியில் இது பிறந்ததாகவும் கதை. லுவாரில் பிடிக்கும் ப்ரோஷே, சாந்த்ர் போன்ற ஆற்று மீன்களை மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, மேலே இதை ஊற்றுவார்கள்.

செய்முறை எளிது, கைதான் பழக வேண்டும். நாலைந்து சின்ன வெங்காயத்தை மிகப் பொடியாக நறுக்கி, 100 மில்லி மஸ்கதேயும் 50 மில்லி வெள்ளை ஒயின் வினிகரும் ஊற்றி, இரண்டு கரண்டி மட்டும் மிஞ்சும் வரை சுண்டவிடுங்கள். தீயைக் குறைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த 200 கிராம் வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு விடாமல் அடியுங்கள். ஒரு துண்டு கரையும் தறுவாயில் அடுத்தது. மோர்க்குழம்பு போலத்தான்: கொதித்தால் திரிந்துவிடும். முதல் மூன்று தடவை எனக்குத் திரிந்தது. ஒருபக்கம் எண்ணெய், ஒருபக்கம் வெங்காயம் என்று பிரிந்து நின்றதைப் பார்த்து அழுகையே வந்தது. நாலாவது தடவை, பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாகச் செய்தேன். கரண்டியின் பின்புறத்தில் பால்வெள்ளையாய், கனமாய் ஒட்டிக்கொண்டது. விரலால் கோடு கிழித்தால் கோடு அப்படியே நின்றது. அதுதான் பதம்.

இவ்வளவு வெண்ணெய்க்கு எதிரே நிற்க ஒரு கூர்மை வேண்டும். சாற்றுக்குள்ளேயும் மஸ்கதே, கிளாஸிலும் மஸ்கதே. ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

சைவம் சாப்பிடுபவர்கள் இதை எதோடு குடிக்கலாம்?

புதிய ஆட்டுப்பால் சீஸ், எலுமிச்சை பிழிந்த வெள்ளரிக்காய், நாந்த் பக்கம் விளையும் 'மாஷ்' என்ற சின்னக் கீரையில் செய்த சாலட். உப்பு நீரால் தோலைக் கழுவிப் பக்குவப்படுத்தும் 'க்யூரே நாந்தே' சீஸும் உள்ளூர்ச் சேர்க்கைதான், ஆனால் அதன் வாசம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது.

ஒயினே சைவமா என்று கேட்பவர்களுக்கு: எப்போதும் இல்லை. ஒயினைத் தெளிவாக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீன் பசை ஆகியவற்றைச் சிலர் பயன்படுத்துவார்கள். பால், முட்டைப் பொருள் மிஞ்சியிருந்தால் ஐரோப்பாவில் லேபிளில் எழுதியாக வேண்டும். மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் 'வீகன்' முத்திரை உள்ள பாட்டிலை எடுங்கள்.

நம் மீன் குழம்போடு குடிக்கலாமா?

குடிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். புளி கரைத்த குழம்பு ஒயினைவிடப் புளிப்பானது. அதன் பக்கத்தில் மஸ்கதே தண்ணீராகிவிடும். மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும். குழம்புக்கும் நியாயம் இல்லை, ஒயினுக்கும் நியாயம் இல்லை.

ஆனால் பாரிஸில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் மீன் சொதியோடு குடித்தேன். காரம் அடக்கமாக, தேங்காய்ப் பாலில் செய்து, கடைசியில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, விட்டு இறக்கிய சொதி. பேர் ப்ளானுக்கு எது பொருந்துகிறதோ அதே காரணம் இங்கேயும் பொருந்தியது: கொழுமைக்கு எதிரே கூர்மை. மிளகாய்த் தூள் இல்லாமல் உப்பும் மிளகும் போட்டு மொறுமொறுவென்று வறுத்த நெத்திலியும் அருமை.

எதோடு சேரவே சேராது?

மாட்டுக்கறி, கனமான கறிக் குழம்புகள், தக்காளி வதக்கிய காரச் சமையல், இனிப்புப் பலகாரம்.

மீனுக்குச் சிவப்பு ஒயின் ஏன் ஆகாது என்கிறார்கள்?

எல்லாச் சிவப்பு ஒயினும் ஆகாது என்று இல்லை. ஒயினில் இருக்கும் இரும்புதான் கடல் உணவோடு சேர்ந்து மீன் கவுச்சியைக் கிளப்புகிறது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிவப்பு ஒயின்களில் இரும்பு பெரும்பாலும் கூடுதல். வெள்ளையிலும் இரும்பு அதிகம் இருந்தால் அதே கவுச்சி வரும்.

எவ்வளவு குளிர்ச்சி?

9 முதல் 11 டிகிரி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வையுங்கள். ஐஸ் கட்டி போடாதீர்கள், இருக்கிற மெல்லிய ருசியும் போய்விடும்.

இதைப் பல வருஷம் வைத்திருக்கலாமா?

சாதாரண பாட்டிலை மூன்று வருஷத்துக்குள் குடித்துவிடுங்கள். ஆனால் இந்த மண்ணில் வயதாகும் ஒயின்களும் இருக்கின்றன. 2011இல் கிளிசோன், கோர்ஜ், லு பாலே என்ற மூன்று ஊர்ப் பெயர்களுக்குத் தனி அங்கீகாரம் கிடைத்தது. பிறகு மேலும் சில ஊர்கள் சேர்ந்தன. இவற்றில் விளைச்சலைக் குறைத்து, வண்டல்மேல் நீண்ட காலம் வைக்கிறார்கள். கிளிசோனுக்கும் கோர்ஜுக்கும் குறைந்தது 24 மாதம். கிளிசோன் கருங்கல் நிலம், கோர்ஜ் காப்ரோ என்ற, பூமிக்குள் பாறைக்குழம்பு உறைந்து உண்டான கரிய பாறை. ஒரே திராட்சை; ஆனால் கிளிசோன் பழ வாசத்தோடு அகலமாகவும், கோர்ஜ் இறுக்கமாகவும், கொஞ்சம் புகை வாசத்தோடும் இருக்கும். பத்து வருஷம் தாங்கும். இவற்றுக்குச் சிப்பி போதாது. வெண்ணெயில் வதக்கிய பெரிய இறால், பேர் ப்ளான் ஊற்றிய மீன், கோழி கூடப் பொருந்தும்.

எவ்வளவு குடிக்கலாம்?

125 மில்லி கிளாஸ் ஒன்றில் சுமார் 12 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. லேசான ஒயின் என்பதால் ஏமாந்துவிடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஒரு வாய்கூட வேண்டாம். வண்டி ஓட்டுபவரும் தொட வேண்டாம். எங்கள் வீட்டில் சாவி வைத்திருப்பவருக்குத் தண்ணீர்தான்.

மீந்துபோன பாட்டிலை என்ன செய்வது?

மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். சுருக்கென்ற குத்தல் மட்டும் போய்விடும். அதற்குப் பிறகு மூல் சிப்பிக்கோ பேர் ப்ளானுக்கோ ஊற்றுங்கள்.

தோட்டங்களைப் பார்க்கப் போகலாமா?

கட்டாயம் போங்கள். நாந்திலிருந்து கிளிசோனுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். இத்தாலிய பாணி வீடுகளும் பழைய கோட்டையும் உள்ள அழகான ஊர். 1079இல் தத்துவ அறிஞர் அபெலார் பிறந்த லு பாலேயில் இந்தப் பகுதியின் ஒயினுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. செப்டம்பர் அறுவடையின்போது யாருக்கும் பேச நேரம் இருக்காது. ஏப்ரலில் போனால், பனி பெய்து இளந்துளிர் கருகிவிடுமோ என்று ராத்திரி முழுக்க விழித்திருந்த கண்களோடு இருப்பார்கள். 1991இலும் 2021இலும் அந்த ஏப்ரல் பனி பெரும் சேதம் செய்தது. ஜூன் நல்ல மாதம். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போய், தரையில் இருக்கும் மூடி ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.